ரிப்பன் முடிச்சு

நான் செய்த முதல் மோசடிக்குச் சில சொம்புத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். மோசடி என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் அது பேப்பரில் படத்தோடு வருகிற பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் என்றும், இரட்டைச் சடை போட்ட பெண் பிள்ளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் நினைத்திருந்தேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். நிலம் வைத்திருப்பவர்கள் ஏரிப் பக்கம் இருந்தார்கள். அந்த நிலத்தில் வேலை செய்கிற நாங்கள் ரோட்டுப் பக்கம் இருந்தோம். கார்த்திகை பிறந்தால் திண்டிவனத்து விதைக்கடைக்காரரின் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி எங்கள் தெருவுக்கு வந்து, மல்லாட்டை மூட்டைகளை வீட்டுக்கு வீடு இறக்கிவிட்டுப் போகும். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். அதை உரித்து, பருப்பைச் சின்னச் சாக்குகளில் நிரப்பிக் கட்டி வைத்தால், பத்து நாள் கழித்து அதே வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். விதைக்குப் போகிற பருப்பு என்பதால் மெஷினில் போடக் கூடாது, அடிபட்டுவிடும். கையால்தான் உரிக்க வேண்டும்.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. சாக்கின் வாயைச் சணலால் கட்ட மாட்டார்கள். உரித்தவள் தன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அதனால் கட்ட வேண்டும். கடைக்காரர் அந்தத் துணியைப் பார்த்தே இது யார் கைவேலை என்று சொல்லிவிடுவார். அம்மாவின் துணி பச்சையில் மஞ்சள் புள்ளி. திண்டிவனத்தில் அந்தக் கடைக்கு வருகிற விவசாயிகளில் சிலர் ரகத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே பச்சைத் துணி மூட்டை இருக்கிறதா என்று கேட்பார்களாம். வண்டி ஓட்டுகிற அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா காது கேட்காதவள் மாதிரி சாக்கைத் தூக்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பும் புளியும் சரியாக இருக்கும்.

அம்மாவின் கைவேலைக்கு அப்படி என்ன மவுசு என்றால், அவள் தண்ணீர் தெளிக்க மாட்டாள். உலர்ந்த மல்லாட்டையின் ஓடு கல் மாதிரி இருக்கும். கட்டை விரலால் அழுத்தி அழுத்தி, மாலைக்குள் நகக்கண் கன்றிப்போகும். லேசாகத் தண்ணீர் தெளித்து ஊற வைத்தால் ஓடு நமத்துக்கொண்டு சுலபமாக உடையும். செக்குக்குப் போகிற மல்லாட்டைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், தப்பில்லை. விதைக்குத் தெளித்தால் உள்ளே பருப்பு பாதி விழித்துக்கொண்டு, அப்புறம் காய்ந்து, செத்துப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. மண்ணில் போட்ட பிறகுதான் தெரியும். எங்கள் தெருவில் விதைக்குத் தெளிக்கிறவர்களும் இருந்தார்கள். அம்மா அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். எங்களிடம் மட்டும், “தூங்கிக்கினு இருக்கிற புள்ள மூஞ்சில தண்ணி ஊத்துவியா?” என்று கேட்பாள். உரிக்கிற பருப்பில் ஒன்றுகூட வாயில் போடக் கூடாது. தம்பி உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு எழுந்தால் அம்மா முதலில் அவன் வாயைத் திறக்கச் சொல்வாள்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த நான்காம் நாள் அம்மாவின் வலது கட்டை விரலில் நகச்சுத்து வந்தது. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் சொருகிக்கொண்டு இரண்டு நாள் உரித்தாள். மூன்றாம் நாள் விரல் பழத்தைவிடப் பெரிதாகிவிட்டது. காய்ச்சல் வேறு. அப்பா சென்னையில் கட்டட வேலையில் இருந்தார், பொங்கலுக்குத்தான் வருவார். எதிர்வீட்டு அத்தையிடம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மா முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை பஸ்ஸில் போனாள். இரண்டு நாள் போக வேண்டியிருந்தது, கீறிவிட ஒருநாள், கட்டு மாற்ற ஒருநாள். போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள்.

வண்டி வர இரண்டே நாள் இருந்தது. சொன்ன நாளில் மூட்டை தயாராக இல்லாவிட்டால் அடுத்த தடவை அந்த வீட்டில் இறக்க மாட்டார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அம்மா மூன்று சாக்குகளை நிரப்பிக் கட்டி வைத்திருந்தாள். இன்னும் இரண்டு சாக்குகள் பாதிப் பாதியாக நின்றன. முற்றத்தில் முழு மல்லாட்டை குவிந்து கிடந்தது. நானும் தம்பியும் காலையிலிருந்து உரித்தோம். மத்தியானத்துக்குள் என் விரலில் தோல் வழன்றுவிட்டது. தம்பி ஒரு படி உரித்துவிட்டு அழுதான். குவியல் அப்படியே இருந்தது.

எட்டிப் பார்த்த அத்தை, “ஏண்டி இப்டி பேஜாரு பட்றீங்க, ரவ தண்ணி தெளிங்க, பொட்டு பொட்டுனு வுடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது விதைக்குப் போகிறது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில் இருந்திருக்காது. எனக்கு நினைவில் இருந்தது. அதுதான் விஷயம். நான் வக்கீல் மாதிரி யோசித்தேன். தண்ணீர் தெளித்தால்தானே கெடுதல், தெளித்த தண்ணீரை வெயிலில் வைத்துத் திரும்ப எடுத்துவிட்டால்? வந்தது போய்விட்டது, கணக்கு சரி. அம்மாவுக்கு இந்த யோசனை தோன்றாதது எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து தெளித்தேன். ஒரு சொம்பு பத்தாமல் இன்னும் இரண்டு சொம்பு. சாக்குப் போட்டு மூடி வைத்து, அரைமணி கழித்து எடுத்தால் ஓடுகள் அப்பளம் மாதிரி வந்தன. தம்பி சிரித்துக்கொண்டே உரித்தான். பருப்பைப் பின்பக்கம் புடவை விரித்துக் காயப் போட்டேன். அம்மா வருவதற்குள் புடவையோடு சுருட்டி ஒளித்து வைத்தேன். மறுநாளும் அதையே செய்தோம். காய்ந்த பருப்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிவப்புத் தோல் அங்கங்கே கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். அம்மா பாதி நிரப்பியிருந்த இரண்டு சாக்குகளிலும், அவள் உரித்ததன் தலைமேல் என்னுடையதைக் கொட்டி நிரப்பினேன்.

இரண்டாம் நாள் மாலையில் கையில் பெரிய வெள்ளைக் கட்டோடு வந்த அம்மா, நிறைந்த சாக்குகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். என் கையை இழுத்து விரலைப் பார்த்தாள். முதல் நாள் வழன்ற தோல் அப்படியே இருந்தது. அதை அவள் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை. நான் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றேன். தண்ணீர் தெளித்தாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்வதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவேயில்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மாவால் முடிச்சுப் போட முடியாததால், பச்சைத் துணியைக் கிழித்து என்னிடம் கொடுத்துக் கட்டச் சொன்னாள். அம்மா இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முரட்டு முடிச்சுப் போடுவாள். எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு, பள்ளிக்கூடத்துக்குச் சடையில் கட்டுகிற ரிப்பன் முடிச்சு. இரண்டு காது வைத்து, அழகாகக் கட்டினேன். காலையில் வண்டிக்கார அண்ணன், “ஜல்தியா தூக்கி வுடுங்கக்கா, இன்னும் நாலு ஊரு போணும்” என்று அவசரப்பட்டவர், அந்த முடிச்சைப் பார்த்து, இது என்ன மூட்டைக்குப் பூ வைத்திருக்கிறது என்று சிரித்தார். “அது எம்பொண்ணு உரிச்சது. நான் உரிச்ச மாரிதான்” என்றாள் அம்மா. வண்டி திரும்பி ரோட்டில் ஏறும்வரை எனக்குக் காது அடைத்திருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் போன்ற நாட்கள் எனக்கு வாய்க்க வேண்டாம். அவித்துத் தின்பதற்கு யாராவது வாங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது நடக்காது என்று தெரிந்ததும், வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றினேன். மரக்காணம் பக்கம், செஞ்சி பக்கம், எனக்குத் தெரியாத ஏதாவது ஊர்க்காரர் வாங்கிக்கொண்டு போகட்டும். முகம் தெரியாத ஒருவரின் நிலம் முளைக்காமல் போனால் பரவாயில்லை என்று என் மனசாட்சி அப்போது சொல்லிற்று. அதற்கும் பதினோரு வயதுதான்.

தண்ணீர் தெளித்து உரித்ததில் பன்னிரண்டு பருப்பை நான் கையோடு எடுத்து வைத்திருந்தேன். அதை ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பானையண்டை போய் வந்தேன். ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய், உடம்பு சூடா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் பிரித்தேன். மூன்றில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. மற்ற ஒன்பதும் கொழகொழவென்று நசுங்கி, புளித்த வாடை அடித்தது. துணியோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கண்டமங்கலம் பக்கத்தில் இருந்தார். புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வருஷம்தான் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். எங்கள் வகையறாவில் சொந்தமாகப் பயிர் வைக்கிற முதல் ஆள் அவர். அந்த அரை ஏக்கரைப் பற்றி அவர் பேசினால் ஜமீன்தார் பேசுவதுபோல் இருக்கும். திண்டிவனத்திலிருந்து மொபெட்டில் வருகிறார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கு மூட்டை. அதன் வாயில் பச்சையில் மஞ்சள் புள்ளித் துணி. இரண்டு காது வைத்த ரிப்பன் முடிச்சு.

“கண்டமங்கலத்துலயே வெதை கெடைக்குது, இம்மாந்தூரம் எதுக்குடா போன?” என்று அம்மா கேட்டாள். “நீ உரிச்சதுதான் வேணும்னு போயி நின்னு வாங்கியாறேன், நீ இன்னாக்கா” என்றார் மாமா. சொல்லிவிட்டு மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார். நாளைக் காலையில் விதைக்க ஆறு ஆள் சொல்லி வைத்திருக்கிறாராம். நிலத்தில் ஈரம் பதமாக இருக்கிறதாம். இரண்டு நாள் தள்ளினால் காய்ந்துவிடுமாம். அம்மா இடது கையாலேயே சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. மாமா ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, அறுப்புக்கு எங்களை எல்லாம் வண்டி வைத்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

நான் வெளியே மொபெட்டண்டை நின்றிருந்தேன். இந்த முடிச்சை அவிழ்த்து அம்மா மாதிரி கட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்படிக் கட்டினால் உள்ளே இருக்கிற பருப்பு எப்படி மாறும் என்று நான் யோசிக்கவில்லை. முடிச்சு மாறினால் அது என்னுடையதாக இருக்காது என்பதுதான் யோசனை. ஒரு காதை உருவினேன். “இன்னா பண்ற அங்க?” என்று மாமா குரல் கொடுத்தார். கட்டு தளர்ந்திருந்தது, இறுக்குகிறேன் என்றேன். “பாத்தியாக்கா, மாமனுக்கு எவ்ளோ பொறுப்பா பாக்குது” என்றார். சட்டைப்பையில் வைத்திருந்த மிட்டாயை எடுத்து என்னைக் கூப்பிட்டு நீட்டினார்.

அதை வாங்கிய கை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொல்லைப்புறத்தில் அம்மா சட்டி கழுவப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். சொல்லும்போது அழ வேண்டும் என்று நினைத்திருந்தேன், அழுதால் அடி குறையும். ஆனால் அழுகை வரவில்லை. வார்த்தைதான் வந்தது, பள்ளியில் ஒப்பிப்பதுபோல வரிசையாக. சொம்பு, வெயில், சாக்கு, பானைக்குப் பின்னால் துணி, மூன்று முளை, ஒன்பது அழுகல்.

அம்மா அடிக்கவில்லை. “எத்தினி மூட்ட?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு என்றேன். குழாயை மூடினாள். அப்புறம் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போய் மாமா பக்கத்தில் வைத்தாள்.

“தம்பி, அந்த வெதைய போடாத. அது தண்ணி தெளிச்சு உரிச்சது. மொளைக்காது.”

மாமா கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். யார் தெளித்தது என்று கேட்டார்.

“நான்தான்” என்றாள் அம்மா.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. தலைவலிக்கிறது என்று ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதச் சொன்னால்கூட, தலை வலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு மறுக்கிறவள். மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார். “ஒன் துணிய பாத்துதானக்கா வாங்கினேன்” என்றார். அவ்வளவுதான். அதற்குள் நாளைக்கு வருகிற ஆறு ஆட்களும், காய்ந்துபோகப் போகிற ஈரமும், எல்லாமும் இருந்தன.

அன்றே திண்டிவனம் போனோம். மாமா மூட்டையோடு மொபெட்டில். நானும் அம்மாவும் பஸ்ஸில். இன்னொரு மூட்டையின் முடிச்சை அடையாளம் காட்ட நான் வேண்டும் என்று அம்மா கூட்டிப்போனாள். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். எப்போதும் அதற்காகத் தம்பியோடு சண்டை போடுகிறவள் நான். அன்றைக்கு வெளியே என்ன போயிற்று என்று தெரியாது. அந்த மூட்டை விற்றுப்போயிருந்தால்? வாங்கியவர் விதைத்திருந்தால்? அம்மாவைப் போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா? கடைசியில் வாயைத் திறந்து, ஏன் நீ தெளித்ததாகச் சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல், “ஏந்துணிதான கட்டியிருந்துச்சு” என்றாள். எனக்கு விளங்கவில்லை. அடி விழாமல் என்னைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறாள், அதை மறைக்க ஏதோ சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கடையில் நல்ல கூட்டம். தராசின் மேல் ஒரு மூட்டை ஏறியிருந்தது. பச்சைத் துணி, அம்மாவின் முரட்டு முடிச்சு. அது நல்ல மூட்டை. பக்கத்தில் ஒரு வயதானவர் அதை வாங்கக் காத்திருந்தார். அம்மா ஒதுங்கி நின்று சமயம் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டாள். தண்ணி தெளிச்சு உரிச்ச மூட்டை ரெண்டு உங்ககிட்ட வந்துட்டுதுங்க. ஒண்ணு இதோ எந்தம்பிகிட்ட இருக்குது. இன்னொண்ண யாருக்கும் குடுத்துடாதீங்க.

“உள்ள வந்து பேசும்மா, உள்ள வா” என்று கடைக்காரர் பதறினார். பிரயோஜனம் இல்லை. தராசண்டை நின்ற பெரியவர் பச்சைத் துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு மூட்டை போடச் சொன்னார். அது சுத்தமான மூட்டைதான், அம்மா எலுமிச்சம்பழத்தில் விரலைச் சொருகிக்கொண்டு உரித்தது. அது நல்லதுதான் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “தனியா வந்து சொல்லியிருந்தா நான் பாத்துக்க மாட்டனா? நல்லதையும் சேத்து கெடுத்துட்டியேம்மா” என்றார்.

பின்பக்கம் குடோனில் ஆள் உயரத்துக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. சிவப்பு, ஊதா, கட்டம் போட்ட லுங்கித் துணி, யார் யாருடையதோ. பச்சையை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். எந்த மூட்டை என்று கடைக்காரர் அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் விரலை நீட்டினேன். இரண்டு காது வைத்த முடிச்சு, ஒரு காது பெரியது, ஒரு காது சின்னது.

கடைக்காரர் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். அப்புறம் என் தலையைப் பார்த்தார். இரண்டு சடையிலும் சிவப்பு ரிப்பன். இரண்டு காது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

“பாப்பா, சடையில ரிப்பன் யாரு கட்டி வுட்டது?”

“நானே கட்டிக்கிட்டேன்” என்றேன். என்ன கேட்கிறார் என்று புரிவதற்குள் வாய் சொல்லிவிட்டது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு குடோன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் நிமிர்ந்தார். கெட்ட இரண்டு மூட்டைகளையும் செக்குக்கு அனுப்பச் சொன்னார். மாமாவுக்கு ஊதாத் துணி கட்டிய வேறு மூட்டை கொடுக்கச் சொன்னார். அப்புறம் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, அம்மாவின் நல்ல மூட்டைகளிலிருந்த பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சணல் கட்டச் சொல்லி ஆளிடம் கொடுத்தார். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து அம்மாவிடம் நீட்டினார். கோபமாக நீட்டவில்லை. இந்த சீசன் போகட்டும் என்று மட்டும் சொன்னார். அம்மா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாமா போய் வருகிறேன் என்று சொல்லாமலே போய்விட்டார். அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து வரிசை வரவில்லை. வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது, எங்கள் வாசலில் மட்டும் நிற்கவில்லை. கட்டுப் பிரித்த கையோடு அம்மா களை பறிக்கப் போனாள். நான் ஒவ்வொரு நாளும் அடிக்காகக் காத்திருந்தேன். திட்டுக்காகவாவது காத்திருந்தேன். அவள் சோறு போட்டாள், சடை பின்னிவிட்டாள், ரிப்பனை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த வீட்டில் எனக்கு இனிமேல் ஒரு மன்னிப்பு உண்டா இல்லையா என்று தெரியாமல் ஒரு வருஷத்தைக் கழித்தேன்.

அடுத்த கார்த்திகையில் வண்டி எங்கள் வாசலில் நின்றது. முதலாளி இறக்கச் சொன்னார் என்றார் வண்டிக்கார அண்ணன். அம்மா பெட்டியிலிருந்து மடித்து வைத்த பச்சைத் துண்டுகளை எடுத்தாள். அதோடு என் சின்னதாகிப்போன யூனிபார்ம் பாவாடையையும் எடுத்து, பல்லால் கடித்து, நீளமாக ஒரு நீலத் துண்டு கிழித்தாள். “நீ உரிக்கிறத தனியா கட்டு. இது ஒன் துணி” என்று என் மடியில் போட்டாள்.

நான் கொல்லைப்புறத்துக்குப் போய் அழுதேன். இனிமேல் அவளுடைய பச்சைத் துணிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா என்னைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? ஒரே குவியலிலிருந்து எடுத்து, ஒரே முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம். அவள் சாக்கு அவளுக்கு, என் சாக்கு எனக்கு. என் பக்கம் அவள் ஒரு தடவைகூடக் கையை விட்டுப் பார்க்கவில்லை. எனக்கோ ஒவ்வொரு பருப்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் சாக்கில் போடக் கை வரவில்லை. தாகம் எடுத்தால்கூட எழுந்து தள்ளிப் போய்க் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக் காய்ந்த பிறகுதான் வந்து உட்காருவேன். அந்த சீசனில் என்னால் ஒரே ஒரு மூட்டைதான் முடிந்தது. நீலத் துணியில் ரிப்பன் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். வண்டியில் பச்சை மூட்டைகளுக்கு நடுவில் அது தனியாகத் தெரிந்தது.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக எங்கள் வாசற்படி மிதிக்காத மாமா. உள்ளே வரவில்லை. வண்டியை அணைக்காமல் காலை ஊன்றிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா என்னிடம் சொம்பைக் கொடுத்து அனுப்பினாள். முன்னால் கால் வைக்கிற இடத்தில் மூட்டை இருந்தது. நீலத் துணி. இரண்டு காது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மாமா தண்ணீரை நிதானமாகக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் ரிப்பனை லேசாக இழுத்துவிட்டார். நாளைக்கு விதைக்கிறேன் என்று அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அம்மா கதவோரமாக நின்று, வண்டி ரோட்டில் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் திண்டிவனத்துக் கடையில் மற்ற மூட்டையெல்லாம் தீர்ந்துபோயிருக்கும், பாவம், வேறு வழியில்லாமல் மாமா என்னுடையதை வாங்கி வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.